செபம் நம்மை யாரிடம் அனுப்புகிறது?



திருமணத்துக்குப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் வருகிறவர்கள் நிறத்தையும் சரிகையையும் பார்ப்பார்கள். நெசவு தெரிந்தவர்கள் கோர்வையைப் பார்ப்பார்கள். கோர்வைப் புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். தறியில் மூன்று நாடாக்கள் ஓடும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைகளுக்கும் ஒவ்வொன்று. நெய்பவர் ஒருவர், பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளிக்கொடுப்பவர் இன்னொருவர். ஒவ்வொரு முறை நாடா ஓடும்போதும் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். உடல் தன் நிறத்தை இழப்பதில்லை, கரையும் இழப்பதில்லை. ஆனாலும் இரண்டும் ஒரே புடவை. பக்கத்தில் இருப்பவரைக் கவனிக்காமல் ஒருவர் தம்பாட்டுக்கு நாடாவை ஓட்டினால், இழை எவ்வளவு உயர்ந்ததானாலும் கோர்வை விழாது.

திருமண வாழ்வில் இறைநம்பிக்கையின் இடம் என்ன என்று சிந்திக்கும்போது இந்தத் தறிதான் நம் நினைவுக்கு வருகிறது. பக்தியுள்ள கணவன் மனைவி தாமாகவே நெருக்கமாகிவிடுவார்கள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பங்குகளில் நாங்கள் காண்பது எப்போதும் அப்படி இல்லை. மனைவி செபக்கூட்டம், நவநாள், நோன்பு என்று வாரம் முழுவதும் ஓடுகிறார். கணவர் சாப்பிட்டாரா, ஏன் முகம் வாடியிருக்கிறார் என்று கேட்க நேரம் இல்லை. கணவர் அன்பியம், திருவிழாக் குழு என்று ஆலயத்திலேயே இருக்கிறார். வீட்டில் காத்திருப்பவருடைய குரல் அவருக்குத் தொந்தரவாகத் தெரிகிறது. இருவரும் நல்லவர்கள், இருவரும் செபிக்கிறார்கள். ஆனால் ஒருவரையொருவர் பார்த்துப் பேசி நாளாகிவிட்டது. ஆண்டவரிடம் போவதாகச் சொல்லி, நம் அருகில் இருப்பவரிடமிருந்து தப்பித்துப் போக முடியும் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

திருத்தூதர் பவுல் இதை நன்கு அறிந்திருந்தார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 7ஆம் அதிகாரத்தில், செபத்துக்காகக் கணவனும் மனைவியும் சிறிது காலம் விலகி இருக்கலாம் என்கிறார். ஆனால் இருவரும் மனமொத்து அதற்கு இசைய வேண்டும், பிறகு மீண்டும் ஒன்றுசேர வேண்டும் என்று சேர்த்தே சொல்கிறார். செபம் எவ்வளவு பெரிய காரியம்! அதற்குக்கூட வாழ்க்கைத் துணையின் சம்மதத்தைக் கேட்கச் சொல்கிறது இறைவார்த்தை. அப்படியானால் ஒரு நோன்பை, ஒரு நடைப்பயணத்தை, ஒரு பொருத்தனையை நாம் எடுப்பதற்கு முன் வீட்டில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

பிரான்சு நாட்டின் அலென்சோன் நகரில் 1858-இல் திருமணம் செய்துகொண்ட லூயி மார்ட்டின், செலி தம்பதியரை நினைத்துப் பாருங்கள். அவர் கடிகாரம் செய்பவர். இவர் நம் ஊர்ப் பெண்களைப்போல நூலோடு வாழ்ந்தவர், லேஸ் பின்னும் தொழில் நடத்தியவர். இருவருமே இளமையில் துறவறத்தை விரும்பி, அதற்கு வழி கிடைக்காதவர்கள். ஆகவே திருமணத்துக்குப் பின்னும் சுமார் பத்து மாதங்கள் உடன்பிறந்தவர்களைப்போல வாழ்ந்தார்கள். ஓர் அருள்தந்தையின் ஆலோசனைக்குப் பிறகு இல்லற வாழ்வை முழுமையாக ஏற்றார்கள். ஒன்பது குழந்தைகள் பிறந்தார்கள். நால்வரைச் சிறுவயதிலேயே அடக்கம் செய்தார்கள்; எஞ்சிய ஐந்து மகள்களில் ஒருவரே புனித குழந்தை இயேசுவின் தெரேசா. லூயி தம் கடிகாரத் தொழிலை விட்டுவிட்டு மனைவியின் தொழிலுக்குத் துணை நின்றார். 2015 அக்டோபர் 18 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் இந்தத் தம்பதியரைச் சேர்த்தே புனிதர்களாக அறிவித்தார். கணவன் மனைவியின் பாசமும் உடலின் நெருக்கமும் புனிதத்துக்குத் தடை என்று இனி யாரும் சொல்ல முடியாது. அவர்கள் புனிதமானது அந்த வழியில்தான்.

நம் தமிழ் மண்ணின் சான்று இன்னும் அருகில் இருக்கிறது. நட்டாலத்தில் பிறந்த நீலகண்டபிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவர் மனைவி பார்கவி அம்மாளும் பின்னர் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார். 1749-இல் கணவர் கைது செய்யப்பட்டார். மூன்று ஆண்டுச் சிறைக்கும் சித்திரவதைக்கும் பின் 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது நாம் மகிழ்ந்து கொண்டாடினோம். அந்தப் பீடத்தின் அருகே ஞானப்பூ அம்மாளையும் நாம் நினைக்க வேண்டும். சொந்த ஊரையும் உறவையும் விட்டு வடக்கன்குளத்தில் வாழ்ந்தார். கணவரின் விசுவாசம் அவரிடமிருந்து கணவரையே பறித்தது. ஆனாலும் அதே விசுவாசத்தில் அவர் நிலைத்து நின்றார். அருகருகே அமர்ந்திருப்பது மட்டும் நெருக்கம் ஆகாது; ஒரே நம்பிக்கையைப் பற்றிக்கொண்ட இருவரைச் சிறைச்சுவரும் பிரிக்காது.

எல்லா வீட்டிலும் இருவருக்கும் ஒரே நம்பிக்கை இருப்பதில்லை. இந்தக் கோயில் நகரத்தில் கணவர் ஞாயிறு திருப்பலிக்கும் மனைவி காமாட்சி அம்மன் கோயிலுக்கும் போகும் வீடுகள் உண்டு. இத்தகைய திருமணத்துக்குத் திருஅவை ஆயரின் அனுமதியோடு இடம் தருகிறது. கத்தோலிக்கர் தம் விசுவாசத்தைக் காத்துக்கொள்வதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாகவும் வாக்களிக்கிறார். அந்த வாக்குறுதி மற்றவருக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட வேண்டும். ஆனால் அவரிடம் வாக்குறுதி எதுவும் கேட்பதில்லை. இதன் பொருள் என்ன? மறைத்து மணம் முடிக்காதே, வற்புறுத்தி மனம் மாற்றாதே என்பதுதான். உடலின் நிறமும் கரையின் நிறமும் வேறாக இருக்கும் இடத்தில்தான் கோர்வைக்குக் கூடுதல் கவனம் தேவை.

இன்னொன்றையும் நாம் தெளிவாகச் சொல்ல வேண்டும். மனைவி பணிந்திருக்க வேண்டும் என்று எபேசியர் திருமுகத்தை எடுத்துக்காட்டும் கணவர்கள், அதற்கு முந்தின வசனத்தையும் படிக்க வேண்டும். ஒருவருக்கொருவர் பணிந்திருக்கும்படி அது இருவரையும் கேட்கிறது. தொடர்ந்து, கிறிஸ்து திருஅவைக்காகத் தம்மையே கையளித்ததுபோல் கணவர் அன்பு செய்ய வேண்டும் என்கிறது. அடி வாங்குவதைச் சிலுவை என்று எந்தப் பெண்ணிடமும் சொல்லாதீர்கள். உயிருக்கோ உள்ளத்துக்கோ பெரும் ஆபத்து இருந்தால் பிரிந்து வாழத் திருஅவைச் சட்டம் இடமளிக்கிறது. சில வேளைகளில் பிரிவு கட்டாயமாகிறது என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' மடலிலும் ஏற்றுக்கொள்கிறார். அப்படித் தவிக்கிறவர்கள் தயங்காமல் பங்குத்தந்தையிடம் வாருங்கள்.

இந்த வாரம் நாம் செய்யக்கூடியது சிறியதுதான். இரவில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, கணவனும் மனைவியும் ஐந்து நிமிடம் சேர்ந்து அமருங்கள். அன்று உங்கள் துணை செய்த ஒரு நன்மைக்காக, அவர் காதில் விழும்படி ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கள். மனம் நோகச் செய்திருந்தால் மன்னிப்பை முதலில் துணையிடம் கேளுங்கள், பிறகு ஆண்டவரிடம் கேளுங்கள். வேறு மதத்தவர் உங்கள் துணையானால், அவர் உங்களுக்காக எதை வேண்டிக்கொள்கிறார் என்று கேளுங்கள். புதிதாக ஏதாவது பக்திமுயற்சி தொடங்க விரும்பினால் அவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். செபம் முடிந்து எழும்போது நம் கால்கள் யாரை நோக்கிப் போகின்றன என்பதைப் பார்த்தால், அது நல்ல செபமா என்பது நமக்கே தெரிந்துவிடும்.

அன்புத் தந்தையே, ஆணும் பெண்ணுமாய் எங்களைப் படைத்தவரே, எங்கள் இல்லங்களில் பேச்சு நின்றுபோன இடத்தில் மீண்டும் பேச்சைத் தாரும். உம்மைத் தேடும் நாங்கள் ஒருவரையொருவர் இழந்துவிடாதபடி காத்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.