பழைய பியட்டும் புதிய சட்டமும்



சென்ற தலைமுறையில் தில்லி கரோல்பாகிலோ, மும்பை மாதுங்காவிலோ, கொல்கத்தா லேக் மார்க்கெட்டை அடுத்த தெருக்களிலோ குடியிருந்த தமிழர் ஒருவர் கார் வாங்கினார் என்றால், அது பெரும்பாலும் மூன்றில் ஒன்றாகவே இருக்கும். ஆங்கிலேய மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்த அம்பாஸடர், இத்தாலிய பியட், சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றும் பிறப்பால் ஐரோப்பிய வண்டிகளே. வெளிநாட்டுப் பாகங்களைக் கொணர்ந்து இங்கே பூட்டி விற்பதோடு நின்றுவிடும் கம்பெனிகளுக்கு இடமில்லை என்று 1953-இல் அரசாங்கம் தீர்மானித்தது. போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. ஆகவே வேறு நாடுகளில் ஐரோப்பியக் கார் என்பது செல்வரின் விருப்பமாக இருந்த காலத்தில், நம் நாட்டில் அது சம்பளக்காரர் குடும்பத்தின் வண்டியாக முப்பது ஆண்டு காலம் நிலைத்தது. அவற்றுள் பியட் 1100 என்ற வண்டியையும், அதன்மேல் பற்று வைத்தோர் இன்று எதிர்கொள்ளும் நிலையையும் குறித்தே இன்று பேச எண்ணுகிறோம்.

1953 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் இவ்வண்டி முதன்முதலாக வெளிப்பட்டது. வகுத்தவர் தாந்தே ஜியாகோஸா என்னும் எஞ்சினீயர். தனியான இரும்புச் சட்டத்தின் மேல் உடலைப் பூட்டும் பழைய வழக்கத்தைக் கைவிட்டு, உடலையே சட்டமாக அமைத்தார். நான்கு சிலிண்டர், 1,089 கன சென்டிமீட்டர் எஞ்சின். மும்பை குர்லாவில் பிரீமியர் கம்பெனியார் இதனை உற்பத்தி செய்தனர். தொடக்க காலத்து வண்டிகளில் முன்கதவுகளின் கீல் பின்பக்கம் இருக்கும்; உருண்டு திரண்ட அதன் முகத்தைக் கண்டு மும்பை மக்கள் 'டுக்கர் பியட்' என்று பெயரிட்டார்கள். டுக்கர் என்றால் மராத்தியில் பன்றி. வைத்தவர்களுக்கு அதில் வெறுப்பு இல்லை, செல்லந்தான். 1964-இல் 'டிலைட்' வந்தது. அதுவே 1970-களில் பிரீமியர் பிரசிடென்ட் என்றும், பின்னர் பத்மினி என்றும் பெயர் மாறி, அந்த நூற்றாண்டின் இறுதிவரை ஏறக்குறைய அதே உருவில் ஓடிக்கொண்டிருந்தது.

தில்லிவாழ் நேயர்கள் மோதிலால் நேரு பிளேஸில் உள்ள லால் பகதூர் சாஸ்திரி நினைவகத்தில் இத்தகைய பியட் ஒன்றைக் காணலாம். பிரதமராக இருந்தபோது குடும்பத்தார் விருப்பத்துக்காக அவர் வாங்கியது அது. விலை சுமார் 12,000 ரூபாய். கையில் இருந்தது 7,000. எஞ்சிய 5,000 ரூபாயைப் பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடனாகப் பெற்றார். 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் அவர் காலமானபோது கடன் தீர்ந்திருக்கவில்லை. லலிதா அம்மையார் தமது பென்ஷனிலிருந்து அதனைச் செலுத்தி முடித்தார் என்று அவர்களுடைய குமாரர் கூறியிருக்கிறார். மாதச் சம்பளத்தில் பிடித்தம் என்றால் என்ன என்பதை அறிந்த நம்மைப் போன்ற உத்தியோகஸ்தர்களுக்கு அந்த வண்டியின் முன் சற்று நேரம் நிற்கத் தோன்றுகிறது.

நமது வீட்டில் உள்ளது 1972-ஆம் ஆண்டு வண்டி. தந்தையார் முன்பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கியது. பழைய காரைப் பேணுவது குழந்தை வளர்ப்பதைப் போன்றது என்று சிலர் சொல்வதுண்டு. நமக்கு அவ்வுவமை உடன்பாடன்று. குழந்தை வளர வளரத் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். கார் நாளுக்கு நாள் அதிகமாக நம்மைக் கேட்கும். அது கேட்பவை பெரும்பாலும் சிறியவை. டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயிண்ட் முனைகள் கரிந்துபோகும். அவற்றைத் தேய்த்து, இடைவெளியை அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வைக்க வேண்டும். இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் பொறி தவறும், வண்டி இருமும். டாப்பெட்டுகளைப் பீலர் கேஜ் என்னும் மெல்லிய தகட்டால் அளந்து சரிசெய்ய வேண்டும். முன்சக்கரங்களை அடுத்த நிப்பிள்களில் கிரீஸ் ஏற்ற வேண்டும். இவற்றுக்குக் கணிப்பொறி வேண்டியதில்லை. ஒரு ஸ்பேனர், ஒரு திருப்புளி, கந்தல் துணி, ஞாயிற்றுக்கிழமைக் காலை ஆகியவை போதும். பானட்டைத் திறந்தால் எஞ்சின் முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. எது எதைச் சுழற்றுகிறது, எது எதற்கு நெருப்பு ஊட்டுகிறது என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் விரலால் காட்டிவிடலாம். இன்றைய கார்களின் பானட்டைத் திறந்தால் கறுப்புப் பிளாஸ்டிக் மூடி ஒன்று தென்படுகிறது. அதற்குமேல் நமக்கு அங்கே அலுவல் இல்லை.

வெயில் காலம் வேறொரு பரீட்சை. பெட்ரோல் பம்பு எஞ்சினோடு ஒட்டியிருப்பதால், தில்லியின் மே மாதத்தில் நெரிசலில் நின்றால் பம்பு கொதித்து, பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடும். வண்டி நின்றுவிடும். பானட்டைத் திறந்து, பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிப் பத்து நிமிஷம் காத்திருந்தால் மறுபடி உயிர் பெறும். அந்நாளைய பியட்காரர்கள் தண்ணீர்ப் பாட்டிலும் துணியும் இன்றிப் புறப்பட்டதில்லை. இப்போது புதியதோர் கவலை சேர்ந்திருக்கிறது. 2023 முதல் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து விற்கத் தொடங்கினார்கள். 2025-இல் அது நாடெங்கும் பரவியது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் உள்விரிப்பையும் இளக்கும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்போருக்கே தீங்கு மிகுதி. ரப்பர்ப் பாகங்களைத் தற்காலத்துக்கு ஏற்றவையாக மாற்றுவதும், நீண்ட நாள் நிறுத்தும்போது டாங்கியில் பழைய பெட்ரோலைத் தேங்கவிடாமல் இருப்பதும் அவசியம்.

மொழிபெயர்ப்பே நமது தொழில் ஆதலால், மிஸ்திரியின் பட்டறையில் புழங்கும் சொற்களில் நமக்குத் தனி ருசி. மாற்றுச் சக்கரத்தை இந்தியா முழுவதும் 'ஸ்டெப்னி' என்கிறார்கள். பஞ்சாபியும் தமிழரும் வங்காளியும் ஒருமித்துப் பேசும் சொற்கள் எத்தனை இருக்கும்? இது அவற்றுள் ஒன்று. வேல்ஸ் நாட்டு லனெத்லி என்ற ஊரில், ஸ்டெப்னி என்னும் பெயருடைய தெருவில், 1904 வாக்கில் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். அங்கே அச்சொல் மறைந்துபோயிற்று, இங்கே வாழ்கிறது. அவ்வாறே, பழைய வண்டிகளின் பின்புறத்தில் திறந்த இருக்கைக்கு வழங்கிய 'டிக்கி' என்ற பெயர், இருக்கை போனபின் சாமான் வைக்கும் இடத்துக்கு உரியதாயிற்று. இவற்றுக்கெல்லாம் கலைச்சொல் ஆக்கித் தருமாறு யாரேனும் பணித்தால், பணிவுடன் மறுத்துவிடுவோம்.

உதிரிப்பாகங்களைப் பற்றி ஓர் உண்மையைப் பலரும் கவனிப்பதில்லை. பியட் அபிமானிகள் இத்தனை காலம் பிழைத்தது மும்பை டாக்ஸிக்காரர்களின் புண்ணியத்தால். கறுப்பும் மஞ்சளுமான பத்மினிகள் ஆயிரக்கணக்கில் ஓடியவரை, அவற்றுக்கு வேண்டிய கிளட்ச் தட்டும் பிரேக் ரப்பரும் யாரோ ஒருவர் செய்துகொண்டே இருந்தார். அதில் நமக்கும் பங்கு கிடைத்தது. டாக்ஸியாகக் கடைசிப் பத்மினி பதிவானது 2003 அக்டோபரில். இருபது ஆண்டு வரம்பு முடிந்து, 2023 அக்டோபர் இறுதியோடு அவை தெருவிலிருந்து அகன்றன. நாளும் உழைத்த வண்டி போனால், ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கென்று எவர் பாகம் வார்ப்பார்? காஷ்மீரி கேட்டில் முன்பு கேட்டவுடன் எடுத்துக் கொடுத்த சாமானுக்கு இப்போது "அடுத்த வாரம் வாருங்கள், பாபுஜி" என்ற பதிலே கிடைக்கிறது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். தில்லியின் காற்று கெட்டுவிட்டது என்பதை மறுப்பவர் ஒரு நவம்பர் மாதம் இங்கே வந்து இருந்து பார்க்கட்டும். 2014, 2015 ஆண்டுகளில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் தலைநகர்ப் பகுதியில் ஓடலாகாது என உத்தரவிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2025-இல் இவ்விஷயம் மறுபடியும் அந்நீதிமன்றத்தின் முன் வந்தது. கார்புரேட்டர் வண்டி எரியாத பெட்ரோலைப் புகையோடு வெளிவிடுவது உண்மை. சட்டத்தின் நோக்கத்தில் நாம் குறை காணவில்லை. ஆனால் 2021 ஜூலையில் மத்திய அரசு வேறொரு விதியையும் வெளியிட்டது. ஐம்பது ஆண்டு கடந்து, மூல உருவில் பேணப்பட்ட வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிந்துகொள்ளலாம். கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டு செல்லும். எண்பலகையில் மாநில எழுத்துகளை அடுத்து 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே முப்பத்தைந்து ஆண்டுகள். 1985-இல் வாங்கிய பத்மினி தில்லியில் என்ன செய்யும்? தெருவுக்கு மூத்தது, பெருமைக்கு இளையது. தடையின்மைச் சான்று பெற்றுப் பல தமிழ்க் குடும்பங்கள் தத்தம் வண்டியைச் சொந்த ஊருக்கு அனுப்பின. அந்த வழி நமக்கும் இருந்தது. நாம் அனுப்பவில்லை. 2018 முதல் 2022 வரை நான்கு ஆண்டுகள் கொட்டகையில் நிறுத்தி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை எஞ்சினை மட்டும் ஓடவிட்டோம்.

ஐம்பது நிறைந்ததும் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தபோது வேறு சங்கடம் எழுந்தது. சாசி, உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் கணிசமான மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது என்கிறது விதி. 'கணிசமான' என்ற சொல்லை அலுவலகத்தில் ஆயிரம் முறை எழுதியிருக்கிறோம். அதன் எல்லை எது என்று அன்றுதான் யோசித்தோம். அடித்தளத் தகட்டில் இரண்டு இடத்தில் ஒட்டு. சிலிண்டரை ஒருமுறை கடைந்தாயிற்று. பழுதே பார்க்காமல் ஐம்பது ஆண்டு ஓடிய வண்டி உலகில் உண்டா? திருவாரூர் ஆழித்தேர் 1926-இல் எரிந்து, 1930-இல் புதிதாகச் செய்யப்பட்டது. பின்னாளில் திருச்சி பெல் தொழிற்சாலையார் அதற்கு ஹைட்ராலிக் பிரேக் பொருத்தினார்கள். ஆழித்தேர் அன்று என்று அதனை யாரும் சொல்வதில்லை. நல்லவேளையாக, பரிசோதிக்க வந்தவர்கள் வண்டியைச் சுற்றிப் பார்த்து, தந்தையார் கோத்து வைத்திருந்த ரசீதுகளையும் புரட்டிப் பார்த்து ஒப்புதல் தந்தார்கள்.

பதிவு கிடைத்தது, அன்றாடப் பயணம் போயிற்று. கண்காட்சி, அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போடுதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்காக மட்டுமே இத்தகைய வண்டி தெருவில் இறங்கலாம். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையார் 1964-இல் தில்லியில் தொடங்கிய பழங்கார் அணிவகுப்பைப் பார்த்த நேயர்கள் இருப்பீர்கள். தேசிய ரயில் அருங்காட்சியகத்தின் 1914-ஆம் ஆண்டுத் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வரும்போது குழந்தைகள் எழுப்பும் ஆரவாரம் நல்ல காட்சி. ஆயினும் அணிவகுப்பு ஆண்டுக்கு ஒருமுறை. நமக்கு வாய்க்கும் உல்லாசப் பயணம் பட்டறைக்குப் போவதுதான். பட்டறை நகரின் மறுகோடியில் இருப்பதை நாம் குறையாகக் கருதவில்லை. ஜனவரி மாதத்து விடியலில் சோக்கை இழுத்து எஞ்சினைத் தட்டி எழுப்பி, ஸ்டியரிங் தண்டில் உள்ள கியரை மணிக்கட்டால் தள்ளி, கதவின் முக்கோணக் கண்ணாடியைச் சிறிதே திறந்து குளிர்காற்றை உள்ளே விட்டால், அறுபது கிலோமீட்டர் வேகமே பெருவேகமாகத் தோன்றும். முன்னிருக்கை ஒரே நீண்ட பலகையாதலால் மூவர் நெருங்கி உட்காரலாம். பேச்சுக்கு இடையே கைப்பிடி எதுவும் குறுக்கிடாது.

பட்டறையின் உஸ்தாதுக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. திருப்புளியின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, எந்த டாப்பெட் முணுமுணுக்கிறது என்று சொல்பவர். அவர் மகன் கைப்பேசி பழுதுபார்க்கிறார். ஆகையால் சென்ற ஆண்டு முதல் நாமே அருகில் அமர்ந்து கற்று, கற்றதைத் தமிழில் ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதி வருகிறோம். இதுவரை எண்பது பக்கம் ஆயிற்று. கார்புரேட்டர் இன்னும் பாதியில் நிற்கிறது.

இத்தகைய வண்டி வைத்திருக்கும் நேயர்கள் விடுமுறையில் சென்னை சென்றால் புதுப்பேட்டைக்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். கொல்கத்தாவில் இருப்போருக்கு மல்லிக் பஜார். தேய்ந்த பாகத்தைத் துணியில் சுற்றிக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். பெயரைச் சொல்லிக் கேட்டால் இல்லை என்பார்கள். பாகத்தைக் கையில் கொடுத்தால் இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கும் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.