கோதா மண்ணும் பள்ளிப் பிள்ளையும்

(ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



கண்மாய், குடிநீர், சாலை ஆகியவற்றைப் பற்றி உங்களோடு பன்முறை பேசியிருக்கிறோம். இன்று பள்ளிப் பருவத்திலேயே கோதாவில் இறங்கிய ஒரு மல்லரைப் பற்றிப் பேச விழைகிறோம். இதுவும் ஊராட்சிக்குரிய பொருளே என்பது முடிவில் விளங்கும்.

மராட்டிய மாநிலத்தின் சதாரா மாவட்டத்தில், கராடு நகருக்கு அருகே கோலேசுவர் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கு 1926ஆம் ஆண்டு பிறந்தவர் கசாபா தாதாசாகேப் ஜாதவ். தந்தையார் ஒரு மல்லர்; அவரிடமே மகன் பிடிகளைக் கற்றார். கராடு திலகர் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். உருவத்தில் சிறியவர், விரைவும் நுட்பமுமே அவருடைய பலம். மற்போருக்காக அவர் படிப்பைக் கைவிடவில்லை. பள்ளி முடித்துக் கோலாப்பூர் இராசாராம் கல்லூரியில் சேர்ந்தார்.

1948இல் இலண்டன் ஒலிம்பிக் போட்டியில் அவருக்கு ஆறாம் இடமே கிட்டியது. மண்ணில் பழகிய கால்களுக்கு மெத்தை விரிப்பு புதிதாயிருந்தது. அக்குறையைப் போக்க நான்காண்டுகள் உழைத்தார். 1952இல் ஹெல்சிங்கி செல்லப் பணமில்லை. ஊரார் இயன்றதைத் திரட்டினர்; கல்லூரி முதல்வர் தம் வீட்டையே அடகு வைத்து 7,000 ரூபாய் தந்தார். ஜாதவ் வெண்கலப் பதக்கத்துடன் திரும்பினார். விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் தனி வீரர் ஒருவர் ஈட்டித் தந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. நூற்றுக்கு மேற்பட்ட மாட்டு வண்டிகள் ஊர்வலமாக அவரை அழைத்துச் சென்றன. பின்னர் அவர் மற்போர்ப் பந்தயங்கள் நடத்தி, அவ்வருவாயால் முதல்வரின் கடனைத் தீர்த்தார்.

மற்போரில் நாட்டுக்கு அடுத்த ஒலிம்பிக் பதக்கம் கிட்டியது 2008இல்தான். இடையிலே 56 ஆண்டுகள்! அக்காலத்தில் வலிய பிள்ளைகள் பிறக்கவில்லையா? பிறந்திருப்பர், தாங்கிப் பிடிக்கும் கைகள்தாம் போதவில்லை.

நம் ஊர்களிலும் பொங்கல் நாளில் இளவட்டக்கல்லைத் தோளுக்கு ஏற்றும் பிள்ளைகளைக் காண்கிறோம், கைதட்டுகிறோம். மறுநாள் அப்பிள்ளை எங்கே போகிறான் என்று கேட்கிறோமா? மழை பொய்த்தால் கரிசல் காட்டில் வேலையில்லை. கூலி கிடைக்கும் இடத்தை வீடு நாடுகிறது. அந்த இடர்ப்பாட்டை நாம் அறிவோம். எனினும் பதினெட்டு வயது நிரம்பாதவரைப் பட்டாசுத் தொழிலில் அமர்த்துவது சட்டத்திற்குப் புறம்பு. சில மாதக் கூலிக்காகப் படிப்பை நிறுத்தினால், பிள்ளை பள்ளியையும் இழப்பான், களத்தையும் இழப்பான். பருவம் தப்பிய விதைப்புக்குப் பின்னர் எத்துணை உரமிட்டும் பயனில்லை என்பதை உழவர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

ஆகவே மூன்று செயல்களை வேண்டுகிறோம். முதலாவது, பள்ளிக்கு அருகே ஒரு கோதா. நம் கரிசல் மண் காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் ஒட்டும், அது உதவாது. செம்மண் கொணர்ந்து, கல்லும் ஓடும் நீங்கச் சலித்து, நல்லெண்ணெய், மோர், மஞ்சள் கலந்து பதப்படுத்த வேண்டும். ஊரார் உழைப்பை நல்கினால் செலவு மிகாது. இரண்டாவது, ஜாதவ் இலண்டனில் பட்ட இடர் நம் பிள்ளைகளுக்கு நேராதிருக்க, பல பள்ளிகள் கூடி ஒரு மெத்தை விரிப்பைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையிலேயே பிடி பழக வேண்டும். கழுத்துப் பிடியில் கவனக்குறைவு உயிருக்கே ஊறு செய்யும். மூன்றாவது, வருகை குறையும் மாணவரின் வீட்டுக்கு ஊராட்சி உறுப்பினரே நேரில் சென்று, குறையைக் கேட்டு, உதவித்தொகைக்கு வழிகாட்ட வேண்டும்.

பெண் பிள்ளைகளையும் மறவாதீர்கள். 2016இல் ரியோ நகரில் சாக்சி மாலிக் வென்ற வெண்கலம், மற்போரில் இந்தியப் பெண்ணுக்குக் கிட்டிய முதல் ஒலிம்பிக் பதக்கம்.

பதக்கம் வருமோ வாராதோ, நாம் அறியோம். பிள்ளை பள்ளியில் நிலைத்து, உடல் உரம் பெற்று வளர்ந்தால் அதுவே ஊருக்கு வெற்றி. கோலேசுவரில் பதக்கத்துக்குப் பின் வண்டிகள் வந்தன. அதற்கு முன்பே ஊரார் கைப்பணம் வந்தது. அந்த வரிசையை நாமும் பின்பற்றுவோம்.