அனுப்பும் பணமும் நாட்டின் கணக்கும்



சம்பள நாளன்று இரவு தோட்டத்து வீடுகளில் ஒரு கணக்கு நடக்கும். மளிகைக் கடைக்கு இவ்வளவு, பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவு என்று பணத்தைப் பிரித்து வைப்போம். அந்தக் கணக்கைச் சற்றுக் கூர்ந்து பார்த்தால் அதில் இரண்டு வகைத் தொகைகள் இருப்பது தெரியும். கடையில் இருபது வெள்ளி கொடுத்தால் அரிசி வருகிறது. அது கொடுக்கல் வாங்கல். தங்கையின் திருமணத்துக்கு இருநூறு வெள்ளி கொடுத்தால் பதிலுக்கு எந்தப் பண்டமும் வருவதில்லை. அதைக் கடனாகவும் நாம் எழுதிக்கொள்வதில்லை. உறவுக்காகக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

ஒரு நாட்டின் கணக்கிலும் இவ்விரண்டு வகைகளும் உண்டு. ரப்பரையும் செம்பனை எண்ணெயையும் வெளிநாட்டுக்கு விற்று வரும் பணம் வாணிபக் கணக்கில் சேரும். வெளிநாட்டில் போட்ட முதலுக்கு வரும் இலாபமும் வட்டியும் முதல்நிலை வருமானம் எனப்படும். பதிலுக்கு எதையும் பெறாமல் ஒரு நாட்டார் மற்றொரு நாட்டாருக்கு அனுப்பும் பணம் இரண்டாம் நிலை வருமானம் ஆகும். வெளிநாட்டில் குடியிருந்து உழைப்பவர் வீட்டுக்கு அனுப்பும் பணம், ஓர் அரசு மற்றோர் அரசுக்குத் தரும் உதவி, நன்கொடை போன்றவை இதில் அடங்கும். முன்னாளில் இதற்கு 'நடப்பு மாற்றங்கள்' என்று பெயர். அனைத்துலகப் பண நிதியம் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட கைநூல் இப்புதிய பெயரைக் கொண்டுவந்தது. இவ்வகையில் உள்ளே வந்த தொகையிலிருந்து வெளியே போன தொகையைக் கழித்தால் கிடைப்பதே நிகர இரண்டாம் நிலை வருமானம். வரவு மிகுந்தால் கூட்டல் குறி, செலவு மிகுந்தால் கழித்தல் குறி.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஜொகூர் பாருவிலிருந்து காலையில் புறப்பட்டுச் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு இரவு வீடு திரும்புகிறவரின் சம்பளம் முதல்நிலை வருமானத்தில் சேரும். ஓராண்டு அல்லது அதற்கு மேல் அங்கேயே தங்கி, கிள்ளானில் உள்ள தாய்க்குப் பணம் அனுப்புகிற மகனின் தொகையோ இரண்டாம் நிலை வருமானத்தில் சேரும். இருவரும் ஒரே தொழிற்சாலையில் ஒரே வேலையைச் செய்யலாம். ஆனாலும் எந்த நாட்டில் குடியிருக்கிறார் என்பதைப் பார்த்தே கணக்கர்கள் பிரிக்கிறார்கள்.

இந்தக் குறி ஒரு நாட்டுக்கு என்றும் ஒன்றாகவே இருப்பதில்லை. ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில் உள்ள அயர்லாந்தை எடுத்துக்கொள்வோம். சுமார் ஐம்பது இலட்சம் மக்கள் வாழும் சிறிய நாடு அது. 1845ஆம் ஆண்டில் அங்கே உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். அவர்கள் அமெரிக்காவிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்களின் உள்ளே பணமும் இருக்கும். 'அமெரிக்கக் கடிதம்' என்று அதற்குப் பெயரே உண்டாயிற்று. குடிசைக்கு வாடகை கட்டவும், அடுத்த தம்பியோ தங்கையோ கப்பலேறவும் அப்பணம் உதவியது.

1973ஆம் ஆண்டில் அயர்லாந்து ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. ஏழை உறுப்பு நாடு என்பதால் சமூகத்தின் பொது நிதியிலிருந்தும் அதற்கு உதவி வந்தது. அக்காலத்தில் அதன் கணக்கில் கூட்டல் குறி. வந்த உதவி சாலைகளுக்கும் தொழிற்பயிற்சிக்கும் செலவாயிற்று. 1990களில் தொழில்கள் பெருகின. 2004ஆம் ஆண்டில் போலந்து முதலிய பத்து நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, அந்நாட்டுத் தொழிலாளர்களுக்கு உடனே கதவைத் திறந்த சில நாடுகளில் அயர்லாந்தும் ஒன்று. ஒரு காலத்தில் பிள்ளைகளைக் கப்பலேற்றிய நாட்டுக்குப் பிறர் வீட்டுப் பிள்ளைகள் வேலைக்கு வந்தார்கள். அவர்கள் தங்கள் ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். பின்னர் 2010களில் ஒன்றியத்தின் பொது நிதியிலிருந்து பெறுவதைவிட அதற்குக் கொடுப்பதும் மிகுந்தது. கூட்டல் குறி கழித்தல் குறியாயிற்று. நாடு வறுமையில் விழுந்ததால் குறி மாறவில்லை. கொடுக்கும் நிலைக்கு உயர்ந்ததால் மாறியது.

நேயர்களே, இந்தக் கதை நம் வீட்டுக் கதையும் ஆகும்.

நம் முன்னோர் கங்காணியோடு கப்பலேறி வந்த காலத்தில் சம்பளத்தை வெள்ளியில் வாங்கினார்கள். ஊர்க் கடனை ரூபாயில் அடைத்தார்கள். ஒரு மலாயா வெள்ளிக்கு ஏறத்தாழ ஒரு ரூபாய் ஒன்பது அணா என்பது 1930களின் மாற்று விகிதம். 1920களின் இறுதியில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை சரிந்தபோது ஆணின் கூலி 28 காசாக இறங்கியது. மாதம் இருபத்து நான்கு நாள் பேர் விழுந்தாலும் ஏழு வெள்ளி தேறாது. அதில் இரண்டு வெள்ளியை மிச்சம் பிடித்து மணியார்டர் செய்தால், ஊரில் மூன்று ரூபாய்க்குச் சற்று மேல் கிடைக்கும். பால்மரம் வெட்டியவரின் ஏழு நாள் உழைப்பு அது.

கூலிக் குறைப்பும் அதையொட்டிய பேச்சுவார்த்தைகளும் முற்றி, 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர்களை அனுப்புவதைத் தடை செய்தது. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் கூலி உயர்வும் மரியாதையும் கேட்டு வேலைநிறுத்தங்கள் நடந்தன. அடுத்து வந்த ஜப்பானியர் ஆட்சியில் ஊரோடு இருந்த தொடர்பே அற்றது. போருக்குப் பின் பிள்ளைகள் இங்கேயே பிறந்து வளர்ந்தார்கள். ஊர் என்ற சொல்லுக்குக் கடல் கடந்த கிராமம் என்றிருந்த பொருள் மெல்ல மாறியது. அனுப்பும் பணமும் குறைந்தது.

அந்நாளில் ஒரு பாடமும் கிடைத்தது. 1950களில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கினார்கள். வேலை போனபோது, தோட்டத்துக்குச் சொந்தமான வீடும் சேர்ந்தே போயிற்று. ஊருக்கு அனுப்பியது தவறன்று, அது கடமை. ஆனால், உழைத்த மண்ணில் ஒரு துண்டு நிலமாவது வேண்டும் என்பது அப்போது எல்லாருக்கும் புரிந்தது. துன் சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் இதனால்தான். தொழிலாளர்கள் சிறு தவணைகளாகக் கட்டிய பங்குப் பணத்தைக் கொண்டு சங்கம் தோட்டங்களை வாங்கியது. கடல் கடந்து போய்க்கொண்டிருந்த காசில் ஒரு பகுதி இங்கே நிலமாயிற்று.

இனி, இன்றைய மலேசியாவைப் பார்ப்போம். நம் நாட்டின் நிகர இரண்டாம் நிலை வருமானத்தில் இன்று கழித்தல் குறி. 2015, 2016ஆம் ஆண்டுகளில் இத்தொகை ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 கோடி வெள்ளி. இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் தங்கள் வீடுகளுக்கு அனுப்பும் பணமே இதில் பெரும் பகுதி. ஞாயிற்றுக்கிழமையில் கோலாலம்பூர் கோத்தா ராயா பக்கம் போனால், பணம் அனுப்பும் கடைகளின் முன் அவர்கள் வரிசையில் நிற்பதைக் காணலாம்.

"நாட்டுப் பணத்தையெல்லாம் கொண்டு போகிறார்களே" என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு. கணக்கைப் பாதியில் மூடினால் அப்படித்தான் தோன்றும். அவர் அறுத்த செம்பனைக் குலை இங்கேதான் ஆலைக்குப் போகிறது; அந்த எண்ணெய் ஏற்றுமதியாகி வாணிபக் கணக்கில் வரவாகிறது. அவர் கட்டிய அடுக்குமாடி இங்கேதான் நிற்கிறது. ஊதியத்தில் ஒரு பகுதியைத்தான் அவர் அனுப்புகிறார். எல்லாப் பத்திகளையும் கூட்டிப் பார்த்தால், 1998 முதல் மலேசியாவின் நடப்புக் கணக்கு ஆண்டுதோறும் மிச்சத்தோடுதான் முடிந்து வந்துள்ளது.

நம் கூலி உயராமல் தடைபடுகிறதே என்ற கவலை வேறு. அது நியாயமான கவலைதான். அதைக் கூலி நிர்ணயிக்கும் இடத்தில், சங்கத்தின் வழியாகக் கேட்க வேண்டும். தாய்க்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்பவரிடம் அதைக் கேட்டுப் பயனில்லை. நம் பாட்டனாரும் அதே வரிசையில் நின்றவர்தாம்.

இதிலிருந்து நம் குடும்பங்கள் செய்யக்கூடிய மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, வீட்டுக் கணக்கில் கொடுத்த பணத்துக்கும் பெற்ற பணத்துக்கும் தனிப் பத்தி போடுங்கள். மொய், திருமண உதவி, மகன் அனுப்பியது எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். ஆண்டு முடிவில் கூட்டிக் கழித்தால் உங்கள் வீட்டின் நிகர இரண்டாம் நிலை வருமானம் தெரிந்துவிடும்.

இரண்டாவது, சிங்கப்பூரிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ பிள்ளை அனுப்பும் பணம் முழுவதையும் அந்தந்த மாதச் செலவிலேயே கரைத்துவிடாதீர்கள். அந்த வேலை என்றும் நிலைக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு பகுதியாவது வீடாகவோ, சேமிப்பாகவோ, ஒரு பிள்ளையின் தொழிற்படிப்பாகவோ மாற வேண்டும்.

மூன்றாவது, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப நேர்ந்தால், நாட்டு மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் உரிமம் பெற்ற இடத்தில் மட்டும் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 2011ஆம் ஆண்டுப் பணச் சேவைத் தொழில் சட்டம் இதற்காகவே வந்தது. பக்கத்து வரிசை வீட்டில் தங்கியிருக்கும் அயல்நாட்டுத் தொழிலாளிக்கு இது தெரியாமலிருக்கலாம். அவருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். கை தவறிப் போகவிருந்த அவருடைய ஒரு மாத உழைப்பு அதனால் வீடு போய்ச் சேரக்கூடும்.