ஆற்றங்கரை நாகரிகங்களில் பெண்ணும் ஆட்சியும்: ரூஜ் கற்றுத்தரும் பாடம்

(ரொறன்ரோ, ரூஜ் பகுதியில் பெற்றோரும் இளையோரும் கூடியிருந்த அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒன்ராறியோவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பண்டைச் சமூகங்களைப் பற்றிக் கற்கின்றனர். அப்பாடத்தைப் படித்த சிறுமி ஒருத்தி தன் தாயாரிடம், "அந்தக் காலத்தில் பெண்கள் எப்படி இருந்தார்கள் அம்மா?" என்று கேட்டாள். "எங்கள் நாகரிகத்தில் பெண்ணைத் தெய்வமாகவே வைத்திருந்தார்கள்" என்றார் தாயார். சிறுமி விடவில்லை. "அப்படியென்றால் யார் ராசா என்று அவர்கள் சொல்லலாமா?" என்று திரும்பக் கேட்டாள். தாயாரிடம் விடை இருக்கவில்லை. அக்கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய என் உரையின் நோக்கம்.

முதலில் யூப்பிரத்தீசு ஆற்றங்கரைக்குச் செல்வோம். உலக வரலாற்றில் பெயர் அறியப்பட்ட முதல் எழுத்தாளர் ஒரு பெண். அக்காத் பேரரசர் சார்கோனின் மகளான என்கெடுவன்னா, கி.மு. 2300 அளவில் ஊர் எனும் நகரில் நிலாத் தெய்வத்தின் தலைமைப் பூசகராக இருந்தவர். சுமேரிய அரசர் பட்டியலில் கூபாபா எனும் பெண்ணின் பெயரும் உண்டு. அவர் மது விற்றவர் என்று அப்பட்டியலே குறிப்பிடுகின்றது. ஆயினும் அதே மண்ணில் கி.மு. 1750 அளவில் எழுந்த அம்முராபியின் சட்டம் என்ன கூறுகின்றது? கடன்பட்டவன் தன் மனைவியையும் பிள்ளைகளையும் கடன் கொடுத்தவன் வீட்டில் மூன்று ஆண்டுகள் உழைக்க விடலாம் என்கின்றது. அரியணையில் ஒருத்தி இருந்ததனால் அடுப்படியில் இருந்தவளின் நிலை மாறிவிடவில்லை.

நைல் நதிக்கரையில் பெண்கள் தம் பெயரில் சொத்து வைத்திருந்தனர், ஒப்பந்தம் செய்தனர், வழக்குத் தொடுத்தனர். கி.மு. பதினைந்தாம் நூற்றாண்டில் அற்செப்சுற் எனும் அரசி இருபது ஆண்டுகளுக்கு மேல் பாரோவாகவே ஆண்டார். அவர் இறந்த பின்னர் அவரது பெயரும் உருவங்களும் கல்லிலிருந்து செதுக்கி அழிக்கப்பட்டன. ஆண்ட பெண்ணை மறக்கச் செய்வதும் ஆட்சியின் ஒரு வேலையாக இருந்திருக்கின்றது.

சிந்துவெளியில் நிலைமை வேறு. மொகெஞ்சதாரோவில் 1926இல் கிடைத்த, பத்தரைச் சென்ரிமீற்றர் உயரமேயுள்ள வெண்கலப் பெண்ணுருவை 'நடன மங்கை' என்கின்றோம். அங்கு கிடைத்த ஆண் சிலையைப் 'பூசக அரசர்' என்கின்றோம். அவள் ஆடினாள் என்பதற்கும் சான்றில்லை. அவர் ஆண்டார் என்பதற்கும் சான்றில்லை. இரண்டும் அகழ்ந்தெடுத்தவர் காலத்தில் இடப்பட்ட பெயர்கள். ஆணைக் கண்டதும் அரசன் என்றும், பெண்ணைக் கண்டதும் ஆடுபவள் என்றும் எண்ணியது நான்காயிரம் ஆண்டுகளுக்கு முந்திய மனமன்று. இருபதாம் நூற்றாண்டின் மனம்.

எமது வைகைக்கும் காவிரிக்கும் வருவோம். சங்கப் புலவர்களுள் முப்பதுக்கும் மேற்பட்டோர் பெண்கள். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார். இவற்றை நாம் பெருமையுடன் சொல்ல வேண்டும், சொல்கின்றோம். ஆனால் அதே புறநானூற்றில்தான் கணவன் பூதப்பாண்டியன் இறந்தபின் கைம்மை நோன்பின் கொடுமையைக் கூறிவிட்டுத் தீப்பாய்ந்த பெருங்கோப்பெண்டின் பாடலும் இருக்கின்றது. ஔவையாரை எடுத்துக்கொண்டு பெருங்கோப்பெண்டை மறைத்துவிட்டால், எம் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது வரலாறு ஆகாது.

அப்படியாயின் அச்சிறுமியின் கேள்விக்கு, "ஆம், சொல்லலாம்" என்று விடையளித்த ஆற்றங்கரை எங்கேயும் இருந்ததா? இருந்தது. அது நாம் வாழும் இதே ரூஜ் ஆற்றங்கரை.

இவ்வாறு ஒன்ராறியோ ஏரியில் கலக்கும் இடத்தருகே பதினேழாம் நூற்றாண்டில் செனக்கா மக்களின் கனற்செக்வியாகொன் எனும் ஊர் இருந்தது. 1669ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் பிரெஞ்சுப் பாதிரிமார் அங்கே தங்கினர். ரூஜ் தேசிய நகரப் பூங்காவினுள் அமைந்த 'பீட் ஹில்' எனும் மேடே அவ்வூர் இருந்த இடம் என ஆய்வாளர் கருதுகின்றனர். அது 1991இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது.

செனக்கா மக்கள், ஹோடினோஷோனி எனப்படும் ஐந்து தேசங்களின் கூட்டமைப்பைச் சேர்ந்தவர்கள். 1722 அளவில் அது ஆறு தேசங்களாயிற்று. அவர்களிடம் குலம் தாய்வழியே வருகின்றது. நீண்ட வீடும், சோளமும் அவரையும் பூசணியும் விளைந்த வயலும் பெண்களுக்கு உரியவையாக இருந்தன. மணமான ஆண் மனைவியின் வீட்டிற்குச் சென்றான். பேரவையில் அமரும் தலைவர்கள் ஆண்கள்தாம். ஆனால் அவர்களைத் தெரிந்தெடுப்பவர் குலத்தாய். கடமை தவறிய தலைவனை அவர் எச்சரிப்பார். மூன்று எச்சரிக்கைக்கும் அவன் திருந்தாவிடின், பதவியின் அடையாளமான மான்கொம்பு அவனிடமிருந்து நீக்கப்படும். போருக்குச் செல்வோருக்கு வேண்டிய உணவு பெண்கள் கையில் இருந்தமையால், போரைத் தடுக்கும் வலுவும் அவர்களிடம் இருந்தது.

இந்த உரிமை எவ்வாறு பறிபோனது என்பதை இளையோர் அறிந்திருக்க வேண்டும். வேற்றினத்தவரை மணந்த முதற்குடிப் பெண்ணின் சட்டத் தகுதியைப் பறிக்கும் விதி 1869இல் வந்தது. 1876இன் இந்தியர் சட்டத்திலும் அது தொடர்ந்தது. வேற்றினப் பெண்ணை மணந்த ஆணுக்கோ எந்த இழப்பும் இல்லை. கிராண்ட் ஆற்றங்கரையில் வாழும் ஆறு தேசத்தாரின் மரபுவழிப் பேரவையை 1924இல் கனடிய அரசு விலக்கி, வாக்கெடுப்பு முறையைத் திணித்தது. அந்த வாக்கெடுப்பில் பெண்களுக்கு வாக்கில்லை. 1951இல்தான் அது கிடைத்தது. தலைவரை ஆக்கவும் நீக்கவும் வல்லவராயிருந்த பெண்கள், முன்னேற்றம் என்ற பெயரில் வாக்கற்றவர் ஆக்கப்பட்டனர். சான்ட்ரா லவ்லேஸ் எனும் முதற்குடிப் பெண் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டு 1981இல் தமக்குச் சார்பான முடிவைப் பெற்றார். 1985இல் கனடா அச்சட்டத்தைத் திருத்தியது. எஞ்சிய பாகுபாடுகளைக் களைய மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றது.

இது எமக்குத் தொலைவான கதையா? மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் இன்றும் குடி தாய்வழியே எண்ணப்படுகின்றது. வீடு மகளுக்குச் செல்கின்றது. மருமகன் அங்கு வந்து வாழ்கின்றான். ஆயினும் குடிவழி வரும் கோயில் வண்ணக்கர் பதவியில் அமர்ந்தவர்கள் ஆண்களே. யாழ்ப்பாணத்தில் 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை, சீதனத்தைப் பெண்ணின் சொத்தாகவே கண்டது. ஆனால் மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுச் சட்டம் எழுதிவைத்தது. சொத்து அவள் பெயரில். முடிவு அவன் கையில். பெயரும் அதிகாரமும் ஒன்றல்ல என்பதை எம் அம்மம்மாமார் நன்கு அறிந்திருந்தனர்.

பெற்றோர்களே, ஒரு சமூகம் பெண்ணை எப்படி மதித்தது என்பதை அது வணங்கிய தெய்வத்தைக் கொண்டு அளக்க முடியாது. ஆண்டுவிட்டுப் போன ஓர் அரசியைக் கொண்டும் அளக்க முடியாது. வீடு யாருடையது? நெற்களஞ்சியத்தின் திறப்பு யார் கையில்? தவறிழைத்த தலைவனை விலக்க யாருக்கு உரிமை உண்டு? இவையே அளவுகோல்கள்.

இவ்வளவுகோலை எம் ஊர்ச் சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் வைத்துப் பார்ப்போம். விழா நாளில் விடியற்காலை முதல் சமைப்பவர் யார்? மேடையில் அமர்பவர் யார்? கணக்கைக் கேட்கவும் தலைவரை மாற்றவும் எத்தனை பெண்களுக்கு வாய்ப்புக் கொடுத்திருக்கின்றோம்? மகளைப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பிவிட்டு, திருமணப் பேச்சின்போது அவளை அறைக்குள் இருக்கச் சொல்கின்றோமா? இக்கேள்விகளை உங்களிடம் மட்டுமன்று, என்னிடமும் நான் கேட்டுக்கொள்கின்றேன்.

இளையோரே, ஊர்வழக்கம் என்பது மலையன்று. மனிதர் வகுத்தது, மனிதரால் மாறுவது. நல்ல வழக்கத்தைச் சட்டத்தால் அழிக்க முடிந்தது எனில், தீய வழக்கத்தை எம்மால் மாற்றவும் முடியும்.

அடுத்தமுறை ரூஜ் ஆற்றங்கரையில் நடக்கும்போது, இங்கே வயல் வைத்திருந்த பெண்களை ஒரு கணம் நினையுங்கள். "யார் தலைவர் என்று பெண்கள் சொல்லலாமா?" என உங்கள் மகள் கேட்டால், "இந்த மண்ணில் சொன்னார்கள், எங்கள் சங்கத்திலும் நீ சொல்ல வேண்டும்" என்று விடை கூறுங்கள்.