பிள்ளைக்கு மனநோய், பெற்றோருக்கு யார் துணை?

(பழவேற்காடு ஏரிப்பகுதி இளைஞர்கள், வியாபாரிகள் மத்தியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மேடை கிடைத்தால் முகத்துவாரம் தூர்ந்துபோனதைப் பேசுவோம். இறால் விலை சரிந்ததைப் பேசுவோம். இட ஒதுக்கீடு பேசுவோம். எல்லாம் பேச வேண்டியவைதான். இன்று நான் பேச வந்திருப்பது யாரும் மேடையில் பேசாத ஒன்றை.

இந்த ஏரியில் ஒரு படகு கவிழ்ந்தால் கரை முழுவதும் ஓடி வருகிறது. கோட்டைக்குப்பமா, ஜமீலாபாத்தா, நடுக்குப்பமா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் ஒரு வீட்டில் பதினெட்டு வயதுப் பிள்ளை இரவெல்லாம் தூங்காமல், தனக்குத்தானே பேசி, பெற்ற தாயையே சந்தேகப்படத் தொடங்கினால் என்ன நடக்கிறது? அந்த வீட்டுக் கதவு உள்ளே தாழிடப்படுகிறது. ஊரும் அந்தத் தெருவைச் சுற்றிப் போகிறது.

ஏன் தாழிடுகிறார்கள்? வீட்டில் திருமணத்திற்கு ஒரு பெண் இருக்கிறாள். செய்தி வெளியே போனால் பெண் கேட்டு யார் வருவார்கள்? தகப்பன் கடலுக்கோ ஏரிக்கோ போகாவிட்டால் அன்று அடுப்பு எரியாது. தாய் ஓலை முடைந்துகொண்டே பிள்ளையைக் காவல் காக்கிறாள். பிள்ளைக்கு வந்தது நோய். பெற்றோருக்கு வந்தது தனிமை.

வெட்கப்பட என்ன இருக்கிறது?

மனநோய்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயும், பாதி 18 வயதுக்குள்ளேயும் தலைகாட்டிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2015-16இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடத்தியது. வயதுவந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோவொரு மனநலச் சிக்கலில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். நோய்க்கு நோய் வேறுபட்டாலும், பத்துப் பேரில் ஏழு முதல் ஒன்பது பேர் வரை முறையான மருத்துவம் பெறவில்லை. இது ஒரு சாதியின் நோயல்ல, ஒரு மதத்தின் நோயல்ல, ஒரு குப்பத்தின் நோயுமல்ல.

"வளர்த்த முறை சரியில்லை" என்று தாயைக் குற்றம் சொல்கிறோமே, அதற்கு ஆதாரம் உண்டா? மேல்நாட்டு மருத்துவர்களே 1940களில் மனச்சிதைவு நோய்க்குத் தாய்தான் காரணம் என்று எழுதினார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் அந்தக் கருத்தைத் தூக்கி எறிந்துவிட்டன. மருத்துவ உலகம் கைவிட்ட பழியை நாம் ஏன் இன்னும் சுமந்துகொண்டு போய் அந்தத் தாயின் தலையில் வைக்கிறோம்?

ஏர்வாடியை மறந்துவிட்டோமா?

2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடி தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திவந்த மனநோயாளிகள் காப்பகங்களில் ஒன்றில், விடியும் முன் தீப்பிடித்தது. கூரைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 உயிர்கள் கருகின. உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. காப்பகங்கள் மூடப்பட்டன. 2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை முற்றிலும் தடை செய்தது.

காப்பகம் நடத்தியவரைத் தண்டித்தார்கள். சரிதான். ஆனால் சிந்தித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் விட்டது யார்? பெற்றவர்கள், கூடப்பிறந்தவர்கள். அவர்கள் கல்நெஞ்சக்காரர்களா? வருடக்கணக்கில் தகடு, தாயத்து, மருத்துவமனை என்று அலைந்து, கையில் காசும் தீர்ந்து, உடம்பில் தெம்பும் தீர்ந்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். அந்த அலைச்சலின் முதல் மாதத்திலேயே, "என் பிள்ளைக்கும் இதுதான் வந்தது, வாருங்கள், நான் கூட வருகிறேன்" என்று சொல்ல ஒருவர் இருந்திருந்தால் சில பேராவது அந்தச் சங்கிலிவரை போயிருக்க மாட்டார்கள்.

துஆ செய்வதை யாரும் தடுக்கவில்லை. நோயைத் தந்தவன் மருந்தையும் தந்திருக்கிறான் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கென்றே தனிப்பிரிவு இருந்தது. குஜராத்தில் மீரா தாதார் தர்காவில் மருந்தும் துஆவும் சேர்ந்தே கிடைக்கும்படி ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. பின்னாளில் ஏர்வாடியிலும் அதே முறை வந்தது. துஆவுக்குக் கை ஏந்துங்கள். அந்தக் கையாலேயே மருந்தையும் கொடுங்கள்.

துணைப் பெற்றோர் என்பவர் யார்?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அரசு மனநலச் சேவையில் ஒரு வேலை இருக்கிறது. மனநலச் சிக்கலுள்ள பிள்ளையை வளர்த்த தாய் அல்லது தகப்பனுக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்து, புதிதாக அந்தத் துன்பத்தில் விழுந்த பெற்றோருக்குத் துணையாக அனுப்புகிறார்கள். நம் பேச்சில் சொன்னால், துணைப் பெற்றோர்.

இது நமக்குப் புதிதா? இல்லை. டாக்டர் சாரதா மேனன் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குத் தலைமை வகித்தவர். 1984இல் அவர் சென்னையில் 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 1980களின் இறுதியில் சென்னையிலேயே நோயாளிகளின் குடும்பத்தார் ஒன்றுகூடி 'ஆஷா' என்ற அமைப்பை உண்டாக்கினார்கள். பெற்றோருக்குப் பெற்றோர் துணை என்பது அங்கே அப்போதே வேர்விட்டது.

மருத்துவம் படிக்காதவரால் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களிலும், கோவாவிலும், மகாராஷ்டிரத்தின் சதாராவிலும் 282 மனச்சிதைவு நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. அது 2014இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஊழியர்கள் வீடு தேடிப்போய் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் துணை நின்றார்கள். மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, சிகிச்சையோடு இந்தத் துணையும் பெற்றவர்களின் நிலை ஓரளவு கூடுதலாகத் தேறியது. காஞ்சிபுரம் கிராமங்களில்தான் பலன் நன்றாகத் தெரிந்தது. ஜிம்பாப்வே நாட்டில் 2006 முதல் பாட்டிமார்கள் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து மனம் நொந்தவர்களின் பேச்சைக் கேட்கிறார்கள். நம் பாட்டிமார் அவர்களுக்கு எந்த விதத்தில் குறைந்தவர்கள்?

அவர் செய்ய வேண்டியது என்ன?

ஒன்று: முதல் முறை மருத்துவமனைக்குக் கூடப் போக வேண்டும். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி, அங்கிருந்து சென்னை என்று பஸ் மாறிப் போய், எந்த வரிசையில் நிற்பது, எந்த அறையில் சீட்டு வாங்குவது என்று தெரியாமல் திரும்பி வந்த குடும்பங்கள் எத்தனை!

இரண்டு: மருந்தைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டும். மாத்திரை போட்ட மறுநாளே குணம் தெரியாது, வாரங்கள் ஆகும். தூக்கம் வரும், வாய் உலரும், சிலருக்குக் கை நடுங்கும். அதைக் கண்டு பயந்து நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றுவார். பிள்ளை தெளிந்துவிட்டான் என்று தாமாக நிறுத்தினால் நோய் திரும்பும். இதை டாக்டர் சொன்னால் பாதிதான் காதில் ஏறும். அனுபவப்பட்ட ஒரு தாய் சொன்னால் முழுவதும் ஏறும்.

மூன்று: அந்தத் தாயைக் கவனிக்க வேண்டும். நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்க வேண்டும்.

நான்கு: தன் எல்லையை அறிய வேண்டும். இது இன்ன நோய் என்று அவர் முடிவு செய்யக் கூடாது. மருந்து கொடுக்கவோ நிறுத்தவோ கூடாது. பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் அன்றே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். 2022இல் தொடங்கிய அரசின் 'டெலி மானஸ்' தொலைபேசி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ஐந்து, இதுதான் எல்லாவற்றிலும் பெரியது: வாயைக் காக்க வேண்டும். சின்ன ஊர் இது. காலையில் ஒரு வீட்டில் கேட்டது மாலையில் ஏலக்கூடத்தில் பேச்சாகிவிட்டால், அதன்பிறகு எந்தக் கதவும் திறக்காது. ரகசியம் காக்கத் தெரியாதவர், எவ்வளவு நல்ல மனம் படைத்தவராக இருந்தாலும், இந்த வேலைக்கு ஆகாதவர்.

இளைஞர்களே! வியாபாரிகளே!

உங்கள் பங்கு என்ன? இதை இலவசச் சேவையாக ஒரு ஏழைத் தாயின் தலையில் கட்டிவிடாதீர்கள். அவளும் ஒரு நாள் கூலியை விட்டுத்தான் வருகிறாள். மஹல்லா நிதியிலிருந்து பஸ் கட்டணமும் அன்றைய கூலியும் கொடுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களை அணுகி முறையான பயிற்சிக்கு ஏற்பாடு செய்யுங்கள். முஸ்லிம் வீடு, மீனவர் வீடு என்று பிரிக்காதீர்கள். ஏரியில் வலைபோட 'பாடு' பிரித்து, முறைவைத்து, சண்டையில்லாமல் பிழைக்கத் தெரிந்த ஊர் இது. துன்பத்திலும் முறைவைத்துத் துணை நிற்க நம்மால் முடியாதா?

கடை வைத்திருப்பவர்களே! நோய் தெளிந்துவரும் ஒரு பையனுக்கு வேலை கொடுங்கள். காலையில் மருந்தின் மயக்கம் இருக்கும். பத்து மணிக்கு வரச் சொல்லுங்கள். மாதம் ஒருநாள் மருத்துவமனைக்குப் போனால் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். மருந்து பாதி குணம் தரும். மாதக் கடைசியில் கையில் வாங்கும் சம்பளம் மீதியில் பெரும்பங்கைத் தரும்.

இளைஞர்களே! "மெண்டல்", "லூசு" என்ற சொற்களை விளையாட்டுக்குக்கூட உங்கள் நாக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் உங்கள் தெருவை ஒருமுறை பாருங்கள். பகலிலும் சாத்தியிருக்கும் கதவு எது என்று உங்களுக்கே தெரியும். அந்த வீட்டுக்கு நாளை யாரை அனுப்பலாம், கூடப் போக எந்தத் தாய் தகுதியானவர் என்று இன்றிரவே நான்கு பேர் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். தீர்மானம் போட வேண்டாம், போஸ்டர் அடிக்க வேண்டாம். சத்தமில்லாமல் அந்தக் கதவைத் தட்டுங்கள்.