வீட்டு சர்வருக்கு எந்த ரெய்டு?

(நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்யாண வீடியோ, பேரன் பேத்தி போட்டோ, பத்திரம், பட்டா ஸ்கேன் எல்லாவற்றையும் வீட்டிலேயே ஒரு சிறிய சர்வரில் வைக்கலாமா என்று இங்கே சிலர் கேட்கிறீர்கள். தாராளமாக வைக்கலாம். வாங்கப் போகும்போது வரும் கேள்வி, ஹார்டுவேர் ரெய்டா, சாஃப்ட்வேர் ரெய்டா என்பது.

ரெய்டு என்பது, ஒரு ஹார்டு டிஸ்க் பழுதானாலும் தகவல் போகாதபடி பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் முறை. 1988-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் எழுதிய கட்டுரையால் இந்தப் பெயர் பரவியது. ரெய்டு 1 என்பது கார்பன் காப்பி மாதிரி. 4 டெராபைட் டிஸ்க் இரண்டு போட்டால் இடம் 4 டெராபைட்தான். ஒன்று போனால் மற்றது இருக்கும். ரெய்டு 5-ல் அதே டிஸ்க் மூன்று போட்டால் 8 டெராபைட் இடம் கிடைக்கும். ஒன்று பழுதானால் சமாளிக்கலாம். இரண்டு சேர்ந்து போனால் எல்லாம் போச்சு.

இந்த வேலையை யார் செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

ஹார்டுவேர் ரெய்டில் தனி கார்டு செய்கிறது. அதற்கென்று புராசசர், மெமரி உண்டு. நல்ல கார்டில் பேட்டரியும் இருக்கும்; கரண்ட் போனாலும் பாதி எழுதிய தகவல் தப்பும். பெரிய அலுவலகத்துக்குப் பொருத்தம். ஆனால் கார்டு தன் பாணியில்தான் டிஸ்க்கில் எழுதும். சில வருஷம் கழித்துக் கார்டு பழுதானால், டிஸ்க் நன்றாக இருந்தும், பெரும்பாலும் அதே கம்பெனியின் பொருந்தும் கார்டைத் தேட வேண்டும். குமாரலிங்கபுரத்திலிருந்து எங்கே போய்த் தேடுவது? பெட்டகம் நம்முடையது, சாவி வேறொருவர் கையில்.

சாஃப்ட்வேர் ரெய்டில் ஆபரேட்டிங் சிஸ்டமே அந்த வேலையைச் செய்கிறது. லினக்ஸில் எம்டிஏடிஎம் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. போர்டு போனால் டிஸ்க்குகளைக் கழற்றி வேறொரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டிப் படிக்கலாம். வீட்டு உபயோகத்துக்கு இன்றைய புராசசருக்கு இது பெரிய சுமை இல்லை. இசட்எஃப்எஸ் இன்னும் ஒரு படி மேல். ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் வைத்து, படிக்கும்போது டேலி ஆகிறதா என்று பார்க்கும்; ஆகாவிட்டால் நல்ல பிரதியிலிருந்து திருத்தும்.

மதர்போர்டிலேயே ரெய்டு இருக்கிறது என்று விற்பார்கள். அங்கேயும் வேலையைச் செய்வது பெரும்பாலும் டிரைவர் சாஃப்ட்வேர்தான். அதை நம்பி இறங்க வேண்டாம்.

ஆக, வீட்டுக்கு சாஃப்ட்வேர் ரெய்டு போதும். கார்டுக்கு ஆகும் பணத்தில் ஒரு யூபிஎஸ்ஸும், தனியாக இன்னொரு டிஸ்க்கும் வாங்குங்கள்.

அந்த இன்னொரு டிஸ்க் எதற்கு? ரெய்டு என்பது பேக்கப் அல்ல. நீங்கள் தவறி ஒரு போட்டோவை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அழியும். வைரஸ், இடி மின்னல், திருட்டு எதுவும் ஒன்றை மட்டும் விட்டுவைக்காது. வங்கியில் பெட்டக அறையின் மாற்றுச் சாவியை அதே கிளையில் வைப்பதில்லை. வேறு கிளையில்தான் வைப்போம். 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவை திரும்பி வரவே இல்லை.

எனவே மாதம் ஒருமுறை தனி டிஸ்க்கில் நகல் எடுத்து, மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ வையுங்கள். டிஸ்க் பழுதானால் மெயில் வரும்படி செட்டிங் போடுங்கள். இல்லையென்றால் ஒன்று போனதே தெரியாமல் இரண்டாவதும் போய்விடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நகலிலிருந்து நான்கு ஃபைலைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை இருப்பில் சேர்க்காதீர்கள்.