மகவு வேண்டும் இல்லங்களுக்கு

(வெள்ளிவிழா அரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்து மேடையில் ஒரு தலைமையாசிரியர் மாதவிலக்கைப் பற்றிப் பேசலாமா எனச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். 1928ஆம் ஆண்டிலேயே பம்பாய்ச் சட்டசபையில் பேறுகாலச் சலுகை மசோதாவை ஆதரித்து அண்ணல் அம்பேத்கர் பேசினார். அவர் சபையில் பேசிய பெண்ணின் உடல்நலத்தை நாம் பந்தலில் பேசக் கூசுவானேன்?

மணமாகி ஓராண்டு கழிந்தால் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்காதவர் நம் தெருவில் இல்லை. கேள்வி பெண்ணை நோக்கியே வரும். விலக்கு தவறித் தவறி வருபவளாயின் பழி முழுவதும் அவள் தலைமேல்தான். என்னிடம் பயின்ற ஒருவர் இன்று கட்டட வேலைக்குச் செல்கிறார். காப்பீடு ஏதும் இல்லாதவர். அவர் மனைவிக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையே விலக்கு. தனியார் மருத்துவமனை ஒன்றில் இரண்டாண்டுகள் ஊசியும் மாத்திரையுமாகக் கழிந்தன. வார வட்டிக்குக் கடன் ஏறியது. தாலியில் கோத்த குண்டுகளும் அடகுக்குச் சென்றன. அவ்விரண்டாண்டுகளிலும் கணவருக்கு ஒரு சோதனையும் செய்யப்படவில்லை! பின்னர் அரசு மருத்துவமனைக்குச் சென்றபோது முதல் நாளே இருவரையும் சோதித்தனர். மகவு இன்னும் வாய்க்கவில்லை. கடன் வளர்வது நின்றிருக்கிறது.

விலக்கு தவறுவது சாபமன்று. ஒரு விலக்கின் முதல் நாள் தொடங்கி அடுத்த விலக்கின் முதல் நாள் வரை 21 முதல் 35 நாட்கள் ஆவது இயல்பு. கருமுட்டை வெளிப்படுவது அடுத்த விலக்குக்கு ஏறத்தாழ 14 நாட்கள் முன்னர். சுற்று ஒழுங்கற்றிருந்தால் அந்நாளைக் கணக்கிட இயலாது. சில மாதங்களில் முட்டை வெளிப்படாமலே போவதும் உண்டு. சினைப்பை நீர்க்கட்டி நோய், தைராய்டுக் கோளாறு, மிகு பருமன், மிகு மெலிவு ஆகியவை இதற்குப் பொதுவான காரணங்கள். பெரும்பாலானவை மருத்துவத்துக்கு இணங்குபவை. உடல் பருத்தவர் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே சிலருக்கு முட்டை மீண்டும் வெளிப்படுகிறது. அதற்குச் செலவு ஏது? முட்டையை வெளிப்படச் செய்யும் லெட்ரோசோல் போன்ற மாத்திரைகளும் பெருவிலை உடையன அல்ல. எனினும் மருத்துவர் மேற்பார்வையின்றி மருந்துக் கடையில் வாங்கி உண்ணலாகாது.

செலவில்லாத முதற்பணி, சுவர் நாட்காட்டியில் விலக்கின் முதல் நாளைப் பென்சிலால் வட்டமிடுவது. ஆறு மாத வட்டங்களைக் காட்டினால் மருத்துவருக்குப் பாதி விவரம் விளங்கிவிடும். ஆணின் உயிரணு பெண்ணுடலில் ஐந்து நாட்கள் வரை உயிர்வாழும். முட்டையோ ஒரு நாளே. ஆகவே, நாள் தெரியாதவர்கள் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை கூடுவதே போதும். இதை வெளிப்படையாகச் சொல்வதற்கு நான் வெட்கப்படவில்லை. கருவுற விரும்பும் பெண் நாள்தோறும் 400 மைக்ரோகிராம் போலிக் அமிலத்தை முன்கூட்டியே உட்கொள்ளத் தொடங்குவது நலம்.

ஓராண்டு காத்திருந்து பார்ப்பது பொதுவிதி. 35 வயதைக் கடந்தவர்க்கு ஆறு மாதம். விலக்கு ஒழுங்கற்றவர்களோ காத்திருக்கவே வேண்டா.

காப்பீட்டு அட்டை இல்லையே என அஞ்சுவோர் பலர். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கானது. அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் மருத்துவரைக் காண எந்த அட்டையும் வேண்டுவதில்லை. அங்கு வரிசையில் நிற்பதை இழிவெனக் கருதும் படித்த இளைஞர்களையும் கண்டிருக்கிறேன். நம் வரியில் நடப்பது அது. அங்கே நிற்பது நம் உரிமை.

இளைஞர்களே, மகவின்மையால் வருந்தும் தம்பதியருள் ஏறக்குறையப் பாதிப்பேரிடத்து ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. விந்துச் சோதனை எளியது, வலியற்றது, பெண்ணுக்குச் செய்யும் பல சோதனைகளைக் காட்டிலும் செலவு குறைந்தது. அதைச் செய்துகொள்ளாமல் மனைவியை மலடி என்பதும், மறுமணம் பேசுவதும் ஆண்மையாகுமா? சோதனைக்கு முன் இரண்டு முதல் ஏழு நாட்கள் கூடாதிருத்தல் வேண்டும். புறநோயாளிச் சீட்டு காலையிலேயே தருவார்கள். ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும். இருவரும் சேர்ந்தே செல்லுங்கள். நாட்காட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.